இரண்டு வேலைக் கடிதங்கள், ஒரு கையெழுத்து

வாசகர் கேள்வி பதில்: நிதித்துறையில் முதல் வேலை

கேள்வி: சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் இறுதியாண்டு படிக்கிறேன். கையில் இரண்டு வேலைக் கடிதங்கள் இருக்கின்றன. ஒன்று முதலீட்டு வங்கியில், நிறுவனங்களை வாங்கி விற்கும் டீல்களைக் கவனிக்கும் பிரிவில் அனலிஸ்ட் வேலை, மாதம் 9,000 வெள்ளி. இன்னொன்று மற்றவர் பணத்தை வாங்கி முதலீடு செய்து தரும் நிதி நிர்வாக நிறுவனத்தில், பங்கு ஆய்வுக் குழுவில் இளநிலை அனலிஸ்ட் வேலை, மாதம் 5,800 வெள்ளி. இரண்டிலும் போனஸ் தனி. வீட்டில் எல்லாரும் முதலாவதைத்தான் சொல்கிறார்கள். எனக்கோ நிறுவனங்களைப் பற்றிப் படிப்பதில்தான் ஆசை. எதில் கையெழுத்திடலாம்? (வாசகர், உட்லண்ட்ஸ்)

பதில்: வீட்டார் கண்ணில் படும் அந்த 3,200 வெள்ளி வித்தியாசத்தை முதலில் பார்த்துவிடுவோம். டீல் ஓடும் காலத்தில் வங்கி அனலிஸ்ட்டுக்கு வாரம் 75 மணி நேரம் சாதாரணம். சில வாரங்கள் 90-ஐயும் தொடும். பங்கு ஆய்வுக் குழுவுக்கு 50 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் மாதத்துக்கு 325 மணி, 217 மணி. மணிக்கு வங்கி தருவது சுமார் 27 வெள்ளி 70 காசு, நிதி நிர்வாக நிறுவனம் தருவது சுமார் 26 வெள்ளி 80 காசு. அடிப்படைச் சம்பளத்தில் உங்கள் ஒரு மணி நேரத்தின் விலை ஏறத்தாழ ஒன்றுதான். போனஸ் சேர்ந்தால் வங்கி முந்திவிடும், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனாலும் வீட்டில் பேசும்போது இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுங்கள்.

இனி, அந்த மணி நேரங்களில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு குடும்ப நிறுவனத்தை விற்றுத் தரும் பொறுப்பு வங்கிக்கு வருகிறது. முதலில் நிறுவனத்தின் பெயர் சொல்லாத இரண்டு பக்க அறிமுகம், டீசர், போகும். ஆர்வம் காட்டுபவர் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு நூறு பக்கத் தகவல் தொகுப்பு. அதைப் படித்து அவர்கள் ஒரு உத்தேச விலை சொல்வார்கள். பொறுக்கி எடுத்த மூன்று நான்கு பேருக்கு, நிறுவனத்தின் ஆவணங்கள் அடங்கிய டேட்டா ரூம் திறக்கும். பிறகு இறுதி விலை, ஒப்பந்தம். எல்லாம் சேர்ந்து ஆறு முதல் ஒன்பது மாதம். இதில் அனலிஸ்ட்டின் பங்கு நிறுவனத்தின் வருங்காலக் கணக்கைப் போடும் எக்செல் மாடல், பக்கங்கள், கேள்விப் பட்டியல். வாங்குபவர் தரப்பிலிருந்து வரும் நூற்றுக்கணக்கான கேள்விகளில் எது நிர்வாகத்துக்கு, எது வழக்கறிஞருக்கு, எது தணிக்கையாளருக்கு என்று பிரித்து, பதில் வாங்கி, தேதி போட்டு மூட வேண்டும். தகவல் தொகுப்பின் 12-ஆம் பக்கத்தில் வருவாய் 412.6 மில்லியன் என்றும் 58-ஆம் பக்கத்தில் 421.6 என்றும் இருந்துவிட்டால், வாங்குபவர் மற்ற எல்லா எண்களையும் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார். விலை பேசும்போது அது அவர் கையில் ஆயுதமாகிவிடும். அதனால்தான் இரவு ஒரு மணிக்கு உட்கார்ந்து எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறார்கள். வேலை இரவுக்குத் தள்ளிப்போவதற்கும் காரணம் உண்டு. மூத்தவர்கள் பகல் முழுக்க வாடிக்கையாளரோடு இருந்துவிட்டு மாலை 7 மணிக்கு மேல்தான் வரைவைத் திறந்து திருத்தம் எழுதுவார்கள். மறுநாள் காலை 9 மணிக்குக் கூட்டம் இருக்கும்.

நிதி நிர்வாக நிறுவனத்தில் நாள் காலையில் கனக்கும். 8 மணிக்குத் தோக்கியோ திறக்கிறது, 9 மணிக்குச் சிங்கப்பூர், 9.30-க்கு ஹாங்காங். அதற்குள் காலைக் கூட்டம். பிறகு உங்கள் பொறுப்பில் உள்ள இருபது முப்பது நிறுவனங்களின் அறிக்கைகளைப் படிப்பது, நிர்வாகத்தோடு தொலைபேசியில் பேசுவது, மாடலைப் புதுப்பிப்பது, வாங்கலாமா விற்கலாமா என்று இரண்டு பக்கக் குறிப்பு எழுதுவது. வங்கியில் நீங்கள் செய்தது சரியா தவறா என்று மறுநாளே தெரிந்துவிடும். இங்கே ‘வாங்கலாம்’ என்று நீங்கள் எழுதியதற்குத் தீர்ப்பு வர ஒன்றரை ஆண்டு ஆகும். அப்போதும் அது திறமையா அதிர்ஷ்டமா என்று பிரித்துச் சொல்வது கடினம். இதைத் தாங்காமல் இரண்டாம் ஆண்டிலேயே சலித்துப் போகிறவர்கள் உண்டு.

பணம் வரும் வழியும் வேறு. 400 மில்லியன் வெள்ளி டீலுக்கு 1.5 விழுக்காடு கட்டணம் என்றால் வங்கிக்கு 6 மில்லியன். டீல் முடிந்தால்தான் அது வரும், முறிந்தால் பெரும்பாலும் செலவுதான் மிஞ்சும். அதனால் டீல் வறண்ட ஆண்டில் வங்கிகள் கீழ்மட்டத்தில் சட்டென்று ஆட்குறைப்பு செய்கின்றன. நிதி நிர்வாகத்தில் ஒரு பில்லியன் வெள்ளி ஃபண்டுக்கு ஆண்டுக்கு 0.75 விழுக்காடு என்றால் 7.5 மில்லியன் வந்துகொண்டே இருக்கும். சந்தை 20 விழுக்காடு விழுந்தால் அது 6 மில்லியனாகக் குறையும். வாடிக்கையாளர் பணத்தை எடுத்தால் இன்னும் குறையும். இங்கே ஆட்குறைப்பு மெதுவாகத்தான் வரும். ஆனால் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும், கட்டணம் குறைந்த குறியீட்டு ஃபண்டுகள் பெருகப் பெருக, பங்குகளை ஆராய்ந்து தேர்ந்தெடுக்கும் இருக்கைகள் குறைகின்றன. 2024 முடிவில் சிங்கப்பூரில் நிர்வகிக்கப்பட்ட நிதி 6 டிரில்லியன் வெள்ளியைத் தாண்டியது என்கிறது நாணய ஆணையத்தின் ஆய்வு. அதைக் கேட்டுவிட்டு ஆய்வு வேலையும் அந்த அளவுக்குக் கொட்டிக் கிடக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். அந்தத் தொகைக்குப் பின்னே விற்பனை, கணக்கு, விதி இணக்கம் என்று பல மேசைகள் இருக்கின்றன. ஆய்வு மேசை சிறியது. ஒரு நல்ல செய்தியும் உண்டு. உள்ளூர்ப் பங்குச் சந்தைக்கு உயிரூட்ட 2025-இல் நாணய ஆணையம் 5 பில்லியன் வெள்ளித் திட்டம் ஒன்றை அறிவித்து, நிதி நிர்வாக நிறுவனங்களிடம் அந்தப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கத் தொடங்கியது. பெரிய நிறுவனங்களைத் தாண்டி நடுத்தர, சிறு நிறுவனங்களைப் படிக்க ஆள் தேவைப்படுவதற்கு இது ஒரு காரணம்.

பின்னால் மாறிக்கொள்ளலாமா? வங்கியில் இரண்டு ஆண்டு முடித்தவரை நிதி நிர்வாக நிறுவனங்களும், நிறுவனங்களையே வாங்கி விற்கும் தனியார் பங்கு ஃபண்டுகளும் மகிழ்ச்சியோடு பார்க்கும். இலாப நட்டக் கணக்கு, ரொக்க ஓட்டம், இருப்புநிலைக் குறிப்பு ஆகிய மூன்று அறிக்கைகளும் ஒன்றோடொன்று இணையும் மாடலை அவர் தூக்கத்திலும் கட்டுவார் என்று தெரியும். எதிர்த்திசை கடினம். முதல் ஒன்றரை ஆண்டுக்குள் மாறினால் உண்டு, அதற்குப் பிறகு கதவு பாதிதான் திறந்திருக்கும். நடுவில் பலர் மறந்துவிடும் இன்னொரு வழியும் இருக்கிறது: தரகு நிறுவனங்களின் பங்கு ஆய்வுப் பிரிவு. அங்கிருந்து நிதி நிர்வாகத்துக்குப் போவது காலம் காலமாக நடப்பது.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறோம். அந்த ஆய்வுக் குழுவில் உங்களுக்கு முன் இதே இடத்தில் இருந்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். முதல் ஆண்டு முடிவதற்குள் உங்கள் பெயரில் சில நிறுவனங்களாவது ஒப்படைக்கப்படுமா, நீங்கள் எழுதும் குறிப்பை ஃபண்ட் மேலாளர் நேரடியாகப் படிப்பாரா என்று கேளுங்கள். குழுவில் எத்தனை பேர், கடைசியாக யாருக்கு எப்போது பதவி உயர்வு என்றும் கேளுங்கள். பதில்கள் தெளிவாக வந்தால் 5,800 வெள்ளி வேலையை எடுங்கள். படிப்பதில் உள்ள ஆசை இந்தத் தொழிலின் மூலதனம். அதை வைத்திருப்பவரை வங்கிக்கு அனுப்பி இரண்டு ஆண்டு காக்க வைக்க வேண்டியதில்லை. ‘போகப் போகப் பார்க்கலாம்’ என்று மழுப்பினால், மற்றவரின் மாடலில் எண் நிரப்பும் ஆளாகவே மூன்று ஆண்டு போய்விடும். அப்போது வங்கிக்கே போங்கள். கூடுதலாக ஒரு வாரம் அவகாசம் கேட்பதில் தவறில்லை. ஆனால் ஒன்றில் கையெழுத்திட்டுவிட்டுப் பின்வாங்காதீர்கள். ராஃபிள்ஸ் பிளேசுக்கும் மரினா பேக்கும் இடையே எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள்.

கேள்வி: என் மகன் ஒரு வங்கியில் பத்து வாரப் பயிற்சியில் இருக்கிறான். இரவு 2 மணிக்கு டாக்சியில் வந்து காலை 9 மணிக்குத் திரும்பப் போகிறான். வேலைக்குச் சேர்ந்தாலும் இப்படித்தான், ஓவர்டைம் கிடையாது என்கிறான். இது சட்டப்படி சரிதானா? (வாசகி, ஈசூன்)

பதில்: சட்டப்படி அவர் சொல்வது சரிதான். 2019 ஏப்ரல் முதல் வேலை நியமனச் சட்டம் மேலாளர், நிர்வாகிகள் உட்பட கிட்டத்தட்ட எல்லா ஊழியரையும் உள்ளடக்குகிறது. ஆனால் வேலை நேரம், ஓய்வு நாள், ஓவர்டைம் ஆகியவற்றைப் பேசும் அதன் 4-ஆம் பகுதி மேலாளர், நிர்வாகிகளுக்குப் பொருந்தாது. வங்கி அனலிஸ்ட் நிர்வாகி வகையில் வருவதால் ஓவர்டைம் கேட்க வழியில்லை. 2024 செப்டம்பரில் ஜேபி மோர்கன் தன் இளநிலை வங்கியாளர்களின் வாரத்தைப் பெரும்பாலும் 80 மணி நேரத்துக்குள் நிறுத்த முடிவெடுத்தது. கட்டுப்பாடே 80 என்றால் பழக்கம் எவ்வளவு என்று ஊகித்துக்கொள்ளலாம்.

நீங்கள் அலுவலகத்தை அழைத்துப் பேச வேண்டாம். அது அவரைத்தான் சங்கடப்படுத்தும். அவரிடம் இரண்டு காரியம் சொல்லுங்கள். மாலை 6 மணிக்கே மேலாளரிடம் போய், ‘இன்றிரவு கட்டாயம் முடிய வேண்டியது எது, நாளை மதியத்துக்குள் தந்தால் போதும் என்பது எது?’ என்று கேட்கட்டும். கேட்காத பிள்ளைதான் எல்லாவற்றையும் இன்றிரவே முடிக்க வேண்டும் என்று எண்ணி விடியும்வரை உட்கார்ந்திருக்கும். சில வங்கிகளில் வாரயிறுதியின் ஒரு பகுதியில் வேலை தரக்கூடாது என்று விதி உண்டு. அவர் இடத்தில் அது இருந்தால் அந்த நேரத்தில் தூங்கட்டும். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு நீங்களும் தூங்குங்கள், அம்மா. களைப்பு வேறு, உடைவு வேறு. விடுமுறை நாளிலும் தூக்கம் வராமல் போவது, எடை சரசரவென்று குறைவது, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவது ஆகியவை இரண்டு மூன்று வாரம் தொடர்ந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பத்து வாரப் பயிற்சியே இதைத் தெரிந்துகொள்ளத்தான். ஒத்துவரவில்லை என்று ஆகஸ்டில் தெரிவது, சேர்ந்த பிறகு தெரிவதைவிட எவ்வளவோ நல்லது.

கேள்வி: ஒரு பெரிய நிதி நிர்வாக நிறுவனத்தில் ‘ஃபண்ட் ஆபரேஷன்ஸ் அனலிஸ்ட்’ வேலை கிடைத்திருக்கிறது. ஓராண்டு கழித்து ஆய்வுக் குழுவுக்கு மாறலாம் என்று நேர்காணலில் சொன்னார்கள். நம்பிச் சேரலாமா? (வாசகி, செங்காங்)

பதில்: வேலை நல்ல வேலை, வாக்குறுதியைத்தான் நம்ப வேண்டாம்.

ஆபரேஷன்ஸில் நீங்கள் செய்யப்போவது இது: வாங்கிய, விற்ற ஒவ்வொரு பங்கையும், அவற்றைப் பாதுகாத்து வைக்கும் காவல் வங்கியின் பதிவோடு ஒப்பிடுவது, ஃபண்டின் ஒரு யூனிட் விலையைத் தினமும் சரிபார்ப்பது, பணம் உரிய நாளில் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பது. இதில் நுணுக்கம் உண்டு. சிங்கப்பூரில் பங்கு வாங்கினால் இரண்டு வேலை நாள் கழித்துத்தான் பணமும் பங்கும் கைமாறும்; அமெரிக்காவில் 2024 மே மாதத்திலிருந்து ஒரே நாள். ஃபண்ட் மேலாளர் திங்கட்கிழமை இங்கே ஒன்றை விற்று, அந்தப் பணத்தில் அன்றே அமெரிக்காவில் இன்னொன்றை வாங்கினால், செவ்வாய்க்கிழமை அமெரிக்க டாலர் தேவை. கையில் வருவதோ புதன்கிழமை, அதுவும் சிங்கப்பூர் வெள்ளியாக. அந்த ஒரு நாள் இடைவெளியை முன்கூட்டியே பார்க்காவிட்டால் பணம் உரிய நாளில் போய்ச் சேராது, அல்லது அதிகப்பற்று வட்டி ஃபண்டின் தலையில் விழும். இதைக் கவனித்துப் பிடிப்பவருக்கு மதிப்பும் நிலையான வாழ்க்கையும் உண்டு. இடர் நிர்வாகம், ஃபண்ட் கட்டமைப்பு என்று மேலேறவும் வழி இருக்கிறது. 2020-இல் மாறுமூலதன நிறுவனச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு, ஃபண்டுகளை இங்கேயே பதிவு செய்து நடத்தத் தெரிந்தவர்களுக்குத் தேவை கூடியிருக்கிறது.

ஆனால் இங்கிருந்து ஆய்வுக்குத் தாவுவது அரிது. ஆய்வுத் தலைவர் ஆள் எடுக்கும்போது முந்தைய ஆய்வுக் குறிப்புகளைக் கேட்பார். ஆபரேஷன்ஸில் குறிப்பு எழுத இடமில்லை. ஆகவே மனிதவளப் பிரிவிடம் நேராகக் கேளுங்கள்: ‘கடந்த ஐந்து ஆண்டில் இந்த மேசையிலிருந்து ஆய்வுக்கு மாறியவர் எத்தனை பேர்? அவர்களில் ஒருவரோடு பேச முடியுமா?’ ஒருவரையும் காட்ட முடியாவிட்டால் அதுவே பதில். ஆபரேஷன்ஸ் பிடித்துச் சேருங்கள், அல்லது சேர்ந்து சம்பாதித்துக்கொண்டே தரகு நிறுவனங்களின் ஆய்வுப் பிரிவுக்கு விண்ணப்பம் போடுங்கள்.

கேள்வி: வங்கி நேர்காணலில் ‘தேய்மானம் 10 வெள்ளி கூடினால் மூன்று அறிக்கைகளிலும் என்ன ஆகும்?’ என்று கேட்டார்கள். நடுவில் குழம்பிவிட்டேன். அடுத்த வாரம் ஒரு நிதி நிர்வாக நிறுவனத்தில் நேர்காணல் இருக்கிறது. அங்கும் இதேதானா? (வாசகர், புக்கிட் பாத்தோக்)

பதில்: வரி 17 விழுக்காடு என்று எடுத்துக்கொள்ளுங்கள், சிங்கப்பூர் நிறுவன வரி அதுதான். இலாப நட்டக் கணக்கில் வரிக்கு முந்தைய இலாபம் 10 குறையும், வரி 1.70 குறையும், நிகர இலாபம் 8.30 குறையும். ரொக்க ஓட்டத்தில் 8.30 குறைந்த இலாபத்தில் தொடங்கி, ரொக்கமாக வெளியே போகாத தேய்மானம் 10-ஐத் திரும்பக் கூட்டினால் ரொக்கம் 1.70 கூடும். இருப்புநிலைக் குறிப்பில் இயந்திரங்களின் மதிப்பு 10 குறைந்து ரொக்கம் 1.70 கூடுவதால் சொத்துப் பக்கம் 8.30 குறையும், எதிர்ப்பக்கத்தில் தக்கவைத்த இலாபமும் 8.30 குறையும். இரு பக்கமும் நிற்கும். பலர் குழம்புவது ரொக்கம் எப்படிக் கூடும் என்ற இடத்தில்தான். கூடுவது மிச்சமான வரி மட்டுமே. முடித்த பிறகு ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள்: சிங்கப்பூரில் கணக்குப் புத்தகத் தேய்மானத்துக்கு வரிக்கழிவு கிடையாது, இயந்திரச் செலவுக்கு வரி விதிகள் தரும் மூலதனப் படிக்குத்தான் கழிவு, இரண்டும் சமம் என்று வைத்துக்கொண்டு விடை சொன்னேன் என்று. எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

அடுத்து அவர்கள் போவது நிறுவன மதிப்புக்கு. பங்கு விலை 2 வெள்ளி, 500 மில்லியன் பங்குகள். ஆக, சந்தை மதிப்பு 1 பில்லியன். கடன் 300 மில்லியனைக் கூட்டி ரொக்கம் 100 மில்லியனைக் கழித்தால் 1.2 பில்லியன். எபிட்டா, அதாவது வட்டி, வரி, தேய்மானம் ஆகியவற்றைக் கழிப்பதற்கு முந்தைய இலாபம், 120 மில்லியன் என்றால் 10 மடங்கு. பொறி எங்கே என்றால், 2019-இல் புதிய குத்தகைக் கணக்கு விதி வந்த பிறகு பெரும்பாலான வாடகை எபிட்டாவில் கழியாமல் அதற்குக் கீழே போய்விட்டது. எபிட்டாவை அப்படியே எடுத்துக்கொண்டு, குத்தகைக் கடப்பாட்டைக் கடனில் சேர்க்காமல் விட்டால், கடைகள் நிறைய வைத்திருக்கும் நிறுவனம் இருப்பதைவிட மலிவாகத் தெரியும்.

நிதி நிர்வாக நிறுவனத்தில் கணக்குக் கேள்வி குறைவு; ஒரு பங்கைப் பற்றி உங்கள் கருத்தைக் கேட்பார்கள். இரண்டைத் தயார் செய்யுங்கள், ஒன்று வாங்க, ஒன்று தவிர்க்க. ‘நல்ல நிறுவனம், நல்ல நிர்வாகம்’ என்று சொன்னால் நேர்காணல் அங்கேயே முடிந்தது. நல்ல நிறுவனம் என்பது விலையில் ஏற்கனவே ஏறியிருக்கும். சந்தை எதைத் தவறாக மதிப்பிடுகிறது என்று சொல்ல வேண்டும். கட்டடங்களை வைத்து வாடகையை முதலீட்டாளருக்குப் பிரித்துத் தரும் ரீட் ஒன்றை எடுத்துக்கொண்டால் இப்படிப் பேசலாம்: கடன் 1 பில்லியன் வெள்ளி, அதில் கால்பங்கு மாறும் வட்டி. வட்டி 1 விழுக்காடு ஏறினால் ஆண்டுச் செலவு 2.5 மில்லியன் கூடும். 1 பில்லியன் யூனிட்டுகள் என்றால் யூனிட்டுக்குக் கால் காசு. யூனிட்டுக்கு 6 காசு வழங்கும் ரீட்டுக்கு இது சுமார் 4 விழுக்காட்டு இழப்பு. பங்கு விலை அதற்குள் 12 விழுக்காடு விழுந்திருந்தால், பயம் கணக்கை மிஞ்சிவிட்டதா, அல்லது வாடகை குறையும் என்றும் சந்தை எதிர்பார்க்கிறதா என்று ஆராயலாம். 2024 நவம்பர் முதல் ரீட்டுகளின் கடன் சொத்தில் 50 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, வட்டியைப்போல் குறைந்தது 1.5 மடங்கு வருவாய் இருக்க வேண்டும் என்பது நாணய ஆணையத்தின் விதி. உங்கள் ரீட் அந்தக் கோட்டுக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது என்பதையும் பார்த்து வையுங்கள். கடைசியில் ‘எது நடந்தால் இதை விற்றுவிடுவீர்கள்?’ என்று கட்டாயம் கேட்பார்கள். அதற்குப் பதில் எழுதி வைக்காமல் போகாதீர்கள்.

கேள்வி: இரண்டாம் ஆண்டு மாணவி. முதலீட்டு ஆய்வாளர்களுக்கான சிஎஃப்ஏ தேர்வின் முதல் நிலையை முடித்துவிட்டு இன்டர்ன்ஷிப் தேடவா? (வாசகி, தெம்பனிஸ்)

பதில்: இன்டர்ன்ஷிப் முதலில். மே மாதம் தொடங்கும் பயிற்சிக்குப் பெரிய வங்கிகள் முந்தைய ஆண்டின் பிற்பாதியிலேயே விண்ணப்பம் வாங்கத் தொடங்கிவிடும். தேர்வுக்குப் படித்துக்கொண்டே அந்தச் சாளரத்தைத் தவறவிட்டவர்கள் பலர். முதல் நிலை என்பது 180 கேள்விகள், இரண்டேகால் மணி நேரம் வீதம் இரண்டு அமர்வுகள், படிக்க சுமார் 300 மணி நேரம். பட்டம் பெற 23 மாதமோ அதற்குக் குறைவாகவோ இருந்தால்தான் எழுத முடியும். நிதி நிர்வாகத்துக்கு அது உதவும். வங்கியில் அதை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. பட்டயம் முழுமையாகக் கிடைக்க மூன்று நிலைகளோடு குறைந்தது 36 மாதங்களில் 4,000 மணி நேர வேலை அனுபவமும் வேண்டும் என்பதால் அவசரப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: வங்கியில் சேரப்போகிறேன். அப்பா இருபது ஆண்டாகப் பங்கு வாங்கி விற்கிறார். அதனால் எனக்குச் சிக்கல் வருமா? (வாசகர், அங் மோ கியோ)

பதில்: வரலாம்; முதல் நாளே தெரிவித்துவிட்டால் வராது. சேர்ந்தவுடன் உங்கள் பங்குக் கணக்குகள் அனைத்தையும் அறிவிக்கச் சொல்வார்கள். பல நிறுவனங்களில் உங்களைச் சார்ந்திருப்பவர், நீங்கள் பணம் போடும் கணக்கு, நீங்கள் முடிவெடுத்துத் தரும் கணக்கு ஆகியவையும் அதில் அடங்கும். அப்பா தன் பணத்தில் தானே முடிவெடுத்து வாங்குகிறார் என்றால் அநேகமாகப் பிரச்சினை இல்லை. நீங்கள் மாதாமாதம் பணம் போடும் சிடிபி (பங்குகளை வைத்திருக்கும் மத்திய வைப்பகம்) கணக்கு என்றால், அதில் நடக்கும் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் முன் அனுமதி தேவைப்படலாம். வாங்கியதைக் குறைந்தது ஒரு மாதமாவது வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் பல இடங்களில் உண்டு. நிதி நிர்வாக நிறுவனத்திலும் இதே நடைமுறைதான். அங்கே ஃபண்ட் வாங்கப்போகும் பங்கை ஊழியர் முந்திக்கொண்டு வாங்கிவிடக்கூடாது என்பது கூடுதல் கவலை.

அதைவிட முக்கியமானது வாய். எந்த நிறுவனத்தின் டீலில் வேலை செய்கிறீர்கள் என்பதை வீட்டில் சொல்லாதீர்கள். அதற்காகத்தான் ஒவ்வொரு டீலுக்கும் புனைபெயர் வைக்கிறார்கள். நீங்கள் வாய்தவறிச் சொன்னதைக் கேட்டு மாமா ஆயிரம் பங்கு வாங்கினாலும் அது உள்தகவல் வணிகம்தான். தனிநபருக்கு 250,000 வெள்ளி வரை அபராதம், ஏழு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

கேள்வி: நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் இந்திய மாணவன். வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸ் கிடைப்பதில் இரண்டு துறைக்கும் வித்தியாசம் உண்டா? (வாசகர், ஜூரோங் வெஸ்ட்)

பதில்: விதி ஒன்றே. நிதித்துறைக்கு 2025 ஜனவரி முதல் குறைந்தபட்சத் தகுதிச் சம்பளம் மாதம் 6,200 வெள்ளி. வயதோடு அது ஏறும். நிலையான மாதச் சம்பளம்தான் கணக்கு, போனஸ் சேராது. அதனால் வங்கிச் சம்பளம் எளிதாகத் தாண்டும் கோட்டில், சிறிய நிதி நிர்வாக நிறுவனங்கள் தரும் 5,500, 6,000 வெள்ளி வேலை அடிபட்டுப்போகும். அதற்கு மேல், விண்ணப்பத்தை மதிப்பிடும் கம்பாஸ் என்ற புள்ளி முறையில் 40 புள்ளிகள் வேண்டும். உங்கள் பட்டம் அங்கே கைகொடுக்கும். ஆனால் நிறுவனத்தில் ஏற்கனவே எந்த நாட்டவர் எவ்வளவு பேர், உள்ளூர்வாசிகள் எவ்வளவு பேர் என்பதும் புள்ளியில் சேரும். அது உங்கள் கையில் இல்லை. நேர்காணலின் இறுதிச் சுற்றுக்கு முன் நிறுவனத்தையே மனிதவள அமைச்சின் இணையக் கருவியில் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: 9,000 வெள்ளி சம்பளம் என்றால் கையில் எவ்வளவு வரும்? வரி எப்போது பிடிப்பார்கள்? (வாசகர், பொங்கோல்)

பதில்: 2026 ஜனவரி முதல் மத்திய சேமநிதிக்கு மாதச் சம்பளத்தில் முதல் 8,000 வெள்ளிதான் கணக்கு. அதில் 20 விழுக்காடு, அதாவது 1,600 வெள்ளி, உங்கள் பங்கு, கையில் 7,400. முதலாளி 17 விழுக்காடு, 1,360 வெள்ளி போடுவார். ஆண்டு உச்சவரம்பு 102,000 வெள்ளி. அதில் மாதச் சம்பளமே 96,000-ஐ எடுத்துக்கொள்வதால், போனஸ் எவ்வளவு வந்தாலும் அதில் 6,000 வெள்ளிக்கு மட்டுமே சேமநிதி பிடிப்பார்கள். போனஸ் பெரும்பாலும் முழுசாகக் கைக்கு வரும். சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

சிங்கப்பூரர்கள், நிரந்தரவாசிகள் சம்பளத்தில் மாதாமாதம் வரி பிடிப்பதில்லை. இந்த ஆண்டு சம்பாதித்ததற்கு அடுத்த ஆண்டு ஏப்ரல் 18-க்குள் கணக்குக் கொடுத்து, பிறகு கட்ட வேண்டும். ஜூலையில் சேர்ந்தால் முதல் வரி அறிவிப்பு அரை ஆண்டுக்கு மட்டும் என்பதால் சிறியதாக இருக்கும்; அதைப் பார்த்துவிட்டு வரி இவ்வளவுதான் என்று எண்ணிவிடுவார்கள். அடுத்த ஆண்டு முழுச் சம்பளமும் போனஸும் சேர்ந்து வரும். போனஸ் இல்லாமலே பார்த்தால், 108,000 வெள்ளியில் ஊதிய வருமானக் கழிவு 1,000, சேமநிதி 19,200, தேசிய சேவையாளர் கழிவு 1,500 போக மிஞ்சுவது 86,300. முதல் 80,000-க்கு வரி 3,350, மீதி 6,300-க்கு 11.5 விழுக்காடு, மொத்தம் சுமார் 4,075 வெள்ளி. போனஸ் சேர்ந்தால் 120,000 வரை அந்தக் கூடுதல் தொகைக்கும் அதே 11.5 விழுக்காடு. வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஜைரோ போட்டால் 12 மாதத் தவணையில் வட்டியில்லாமல் கட்டலாம். போனஸ் வரும் நாளன்றே அதில் எட்டில் ஒரு பங்கை வேறு கணக்குக்கு மாற்றி வையுங்கள். வேலையை விடும் எண்ணம் இருந்தால் ஒப்பந்தத்தில் போனஸ் பத்தியை முதலில் படியுங்கள்: பணம் வழங்கும் நாளில் விலகல் கடிதம் கொடுத்திருந்தால் போனஸ் கிடையாது என்று பல ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். கடிதத்தைப் பணம் கணக்கில் ஏறிய பிறகு கொடுங்கள்.